தனாக்கா, மை, குங்குமம்: மைசெல்லார் வாட்டரால் முகம் துடைப்பது எப்படி?

யாங்கோனில் மருந்துக்கடை, சூப்பர்மார்க்கெட் எங்கு போனாலும் மைசெல்லார் வாட்டர் பாட்டில் கண்ணில் படுகிறது. வாங்குபவர்களில் பலர் பன்னீர் மாதிரி நாலு சொட்டு தடவிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். நம் முகத்திலோ காலையில் பூசிய தனாக்கா (மியான்மரில் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து), சன்ஸ்கிரீன், கண் மை, வேர்வை எல்லாம் இருக்கும். அனவ்ரதா சாலைக் காளி கோயிலுக்குப் போய்வந்த நாளென்றால் விபூதியும் குங்குமமும் கூட. இவற்றை எந்த வரிசையில் எடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அந்தப் பாட்டிலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதில் அழுக்கெடுக்கும் மென்மையான பொருள் கொஞ்சம் கலந்திருக்கும். அதன் மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரோடு ஒட்டும், மறுமுனை எண்ணெயோடு ஒட்டும். போதிய அளவு சேர்ந்ததும் எண்ணெய் முனைகளை உள்பக்கம் வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகத் திரண்டுவிடும். அந்த உருண்டைக்குத்தான் மைசெல் என்று பெயர். பஞ்சில் நனைத்து முகத்தில் வைத்தால் எண்ணெய்ப்பசையையும் மேக்கப்பையும் இது பிடித்து இழுத்துவரும். பிரான்ஸின் பயோடெர்மா நிறுவனம் 1995இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போது எல்லா விலையிலும் கிடைக்கிறது. ஆரம்பிப்பவர்கள் வாசனை சேர்க்காததை வாங்குங்கள். புதுப் பாட்டிலை முகத்துக்குக் கொண்டுபோகுமுன் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி, ஒருநாள் விட்டுப் பாருங்கள்.

படி 1: தனாக்காவைத் தண்ணீரால் எடுங்கள்

கல்லில் அரைத்துப் பூசிய தனாக்கா சாயங்காலத்துக்குள் காய்ந்து பொடியாகிவிடும். அதன்மேல் நேராகப் பஞ்சை வைத்துத் தேய்த்தால் மரப்பட்டைத் துகள்கள் தோலை உரசும், பஞ்சும் வீண். கையைக் கழுவிக்கொண்டு, முகத்தை ஈரமாக்கி அரை நிமிடம் ஊறவிடுங்கள். தனாக்கா இளகியதும் விரலால் வழித்துக் கழுவுங்கள். விபூதியும் இதிலேயே போய்விடும். அப்புறம் துண்டால் ஒற்றியெடுங்கள். ஈரம் சொட்டும் முகத்தில் மைசெல்லார் வாட்டர் நீர்த்துப்போகும்.

தனாக்கா பூசாத நாளில் இந்தப் படியே வேண்டாம்.

படி 2: கண்

கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முதலில் கழற்றுங்கள். காட்டன் பேட் முழுக்க நனைய வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. கண்ணை மூடி, பேடை இமைமேல் வைத்து, மெதுவாகப் பதினைந்து இருபது வினாடி அழுத்திப் பிடியுங்கள். எல்லாரும் அவசரப்படுவது இங்கேதான். பொறுத்திருந்தால் மை தானாக இளகும். இமையிலிருந்து கீழ்நோக்கி ஒரே இழுப்பு. பேடை மடித்து, சுத்தமான பக்கத்தால் இன்னொரு இழுப்பு. இமையோரத்தில் ஒட்டியிருக்கும் மைக்கு, காது குடையும் பஞ்சுக்குச்சியை நனைத்து மயிர்க்கால் ஓரமாகப் போகலாம். கண் எரிந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவுக்கு வாட்டர்புரூஃப் மஸ்காரா போட்டவர்களுக்குச் சாதாரண மைசெல்லார் வாட்டர் ஈடுகொடுக்காது. எண்ணெயும் தண்ணீரும் இரண்டு அடுக்காக நிற்கும் பாட்டில் ஒன்று உண்டு. அதைக் குலுக்கிவிட்டு உபயோகியுங்கள்.

படி 3: மற்ற இடங்கள்

புதுப் பேட் எடுத்து நெற்றி, கன்னம், மூக்கோரம், தாடை, கழுத்து என்று போங்கள். முடி தொடங்கும் ஓரத்தையும் காதுக்குப் பின்னாலும் மறக்காதீர்கள். சன்ஸ்கிரீன் அங்கேதான் தேங்கும். பேடில் நிறம் வருவது நிற்கும்வரை மாற்றி மாற்றித் துடையுங்கள். குங்குமத்தின் மேல் பேடை வைத்து ஒற்றுங்கள், தேய்த்தால் நெற்றி முழுக்கப் பரவும். லேசாகக் கறை நின்றால் நிற்கட்டும். நாளைக்குப் போய்விடும்.

படி 4: கழுவுங்கள்

கழுவத் தேவையில்லை என்று பாட்டிலில் போட்டிருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அழுக்கெடுக்கும் பொருள் ராத்திரி முழுக்க முகத்தில் இருந்தால் சிலருக்கு அரிப்பும் வறட்சியும் வரும். நம் ஊர் மழைக்காலப் புழுக்கத்தில் பிசுபிசுப்பு வேறு. மென்மையான ஃபேஸ் வாஷ் போட்டு வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். ரொம்ப வறண்ட தோலென்றால் வெறும் தண்ணீரே போதும். குளியல் சோப்பு வேண்டாம். ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர். பருவுக்கு டாக்டர் கொடுத்த மருந்து இருந்தால் அவர் சொன்ன வரிசைதான்.

காலையில் இத்தனை வேலை தேவையில்லை. தண்ணீர் அல்லது ஃபேஸ் வாஷ் போதும்.

காட்டன் பேட் செலவு கையைக் கடித்தால் பழைய மெல்லிய பருத்திக் கைலியைச் சதுரமாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டு அலசி வெயிலில் காய வைக்க வேண்டும், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பாட்டிலை ஜன்னலோர வெயிலில் வைக்காதீர்கள். பாட்டிலின் மேல் இருக்கும் திறந்த டப்பா படத்துக்குள் 6 அல்லது 12 என்று போட்டிருப்பது, திறந்தபின் அத்தனை மாதம் வைத்திருக்கலாம் என்பதற்காக. திறந்த தேதியை அடியில் பேனாவால் எழுதிவிடுங்கள். அதற்குள்ளேயே கலங்கினாலோ வாடை மாறினாலோ கொட்டிவிட்டு வேறு வாங்குங்கள்.