விசைப்பலகையின் சிறு விளக்கும் மின்சேமிப்பும்

கேப்ஸ்லாக் விளக்கைப் பொதுவாக அந்த விசை நேரடியாக எரிய வைப்பதில்லை. விசை அழுத்தப்பட்ட செய்தி இயங்குதளத்துக்குப் போய், அது திருப்பி அனுப்பும் கட்டளையால்தான் விளக்கு எரிகிறது. ஆகவே கணினி உறைந்துவிட்டதாகத் தோன்றும்போது கேப்ஸ்லாக்கை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறினால் இயங்குதளம் பெரும்பாலும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்பதால், அவசரப்பட்டு மின்பொத்தானை அழுத்தி அணைக்காமல், திறந்திருக்கும் கோப்புகளின் நலன் கருதியாவது சற்றுக் காத்திருப்பது நல்லது.

லினக்ஸில், யுஎஸ்பி விசைப்பலகைக்குத் தானியங்கி உறக்கம் (பயன்படுத்தாதபோது மின்சாரம் சேமிக்கும் நிலைக்குத் தானாகச் செல்வது) இயக்கப்பட்டிருந்தாலும், அதில் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்கும்வரை இயல்பான அமைப்பில் அந்த விசைப்பலகை உறங்க வைக்கப்படுவதில்லை. எனவே மின்கலத்தில் இயங்கும்போது தேவையற்ற நம்லாக்கை (எண் விசைகளுக்கான பூட்டு; இதற்கும் ஒரு விளக்கு உண்டு) அணைத்துவிடுங்கள். விண்டோஸில், சிறிது இடைவெளிக்குப் பின் தட்டும் முதல் எழுத்து தவறினால், டிவைஸ் மேனேஜரில் (கணினியின் சாதனங்களைப் பட்டியலிடும் பகுதி) யுஎஸ்பி ஹப்பின் (யுஎஸ்பி சாதனங்கள் இணையும் மையம்) பவர் மேனேஜ்மென்ட் பகுதிக்குச் சென்று, மின்சேமிப்புக்காகச் சாதனத்தை அணைக்க அனுமதிக்கும் குறியை நீக்கிப் பாருங்கள்.