வாசல் மரத்தைப் பராமரிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை

மரக்கன்று நட எல்லாரும் ஆசையாக வருகிறார்கள். ஏற்கெனவே தெருவில் நிற்கும் வேம்பையும் புங்கையையும் பார்த்துக்கொள்ளத்தான் ஆளில்லை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. காற்றின் வேகம் ஒரு காரணம்தான். ஆனால் பரவ இடமில்லாமல் நெருக்கப்பட்ட வேரோடு நிற்கும் மரத்தை அப்படிப்பட்ட காற்று சுலபமாகத் தள்ளிவிடும். அதனால் வேலையை அடிமரத்திலிருந்து தொடங்குவோம்.

படி 1: கான்கிரீட்டை விலக்குங்கள்

இதுதான் முக்கியமான வேலை. நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், இரண்டடி ஆழத்துக்குள்தான் இருக்கும். அந்த வேர்களுக்குத் தண்ணீரோடு காற்றும் வேண்டும். மேலே கான்கிரீட்டோ பேவர் பிளாக்கோ இறுக மூடியிருந்தால் இரண்டும் சரியாகக் கிடைக்காது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி நிர்வாகத்துக்கு உத்தரவிட்டது. நாமும் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம்.

நடைபாதை மாநகராட்சியுடையது. முதலில் உங்கள் வார்டு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சென்னை என்றால் 1913-க்கு அழைத்துச் சொல்லலாம். அனுமதி கிடைத்ததும் உளியும் சுத்தியலும் போதும். டிரில்லிங் மெஷின் வேண்டாம், அது வேரையும் கேபிளையும் சேர்த்து அறுத்துவிடும். பேவர் பிளாக்கைக் கடப்பாரையால் நெம்பி ஒவ்வொன்றாக எடுங்கள். விரல் தடிமனுக்கு மேல் உள்ள வேரை வெட்டாதீர்கள். கீழே இறுகிக் கிடக்கும் மண்ணைக் களைக்கொத்தால் மேலாக மட்டும் கிளறிவிடுங்கள்.

படி 2: மூடாக்கு போடுங்கள்

திறந்த மண்ணில் காய்ந்த இலைச்சருகை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். அடிமரத்தை ஒட்டிக் குவிக்கக் கூடாது, பட்டை ஈரத்தில் அழுகிவிடும். அரையடி இடைவெளி இருக்கட்டும். தெருவில் சருகைக் குவித்து எரிப்பவர்களிடம் கேட்டாலே சாக்கு சாக்காகக் கிடைக்கும்.

படி 3: ஆணி, கம்பி, கூண்டு

இலையில் உருவாகும் உணவு பட்டையின் உட்பகுதி வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. கட்டுக்கம்பி இறுகினால் அந்த வழி அடைபடும், மரம் மெதுவாகப் பட்டுப்போகும். கம்பியை வெட்டி எடுங்கள். கன்றாக இருந்தபோது வைத்த இரும்புக் கூண்டு மரத்தில் உரசினால் அதையும் கழற்றுங்கள். விளம்பரப் பலகை ஆணிகளை நகச்சுத்தியலால் நெம்பும்போது பட்டைக்கும் சுத்தியலுக்கும் நடுவில் சிறு பலகைத் துண்டு வையுங்கள். முழுதாக உள்ளே புதைந்துவிட்ட ஆணியை அப்படியே விட்டுவிடுங்கள், தோண்டினால் காயம் பெரிதாகும்.

படி 4: கிளை வெட்டுதல்

தெரு மரத்தில் கைவைக்க இதற்கும் அனுமதி வேண்டும். பெருவிரல் தடிமனுள்ள காய்ந்த கிளைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய கிளைக்குப் பயிற்சி பெற்ற ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் முறை உங்களுக்கும் தெரிந்திருந்தால்தான் பக்கத்தில் நின்று சொல்ல முடியும்.

தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் அறுப்பு. அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து இரண்டாவது. இப்போது கிளை பட்டையை உரித்துக்கொண்டு போகாமல் விழும். மீந்த கட்டையை மூன்றாவதாக அறுக்க வேண்டும். கிளை தண்டோடு சேரும் இடத்தில் வளையம்போல் ஒரு புடைப்பு தெரியும், அதை விட்டுவிட்டு வெளியே அறுங்கள். காயத்தை மூடிவளரும் திசு அங்கிருந்துதான் வருகிறது. வெட்டுவாயில் தார் பூசும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தே, பூச்சுகள் அழுகலைத் தடுப்பதில்லை என்று காட்டியிருக்கிறார்.

மழைக்காலத்துக்கு முன்னால் உச்சியை மொட்டையடிப்பது பல தெருக்களில் நடக்கிறது. தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அப்படி வெட்டிய இடத்தில் துளிர்க்கும் கிளைகள் தண்டோடு பலமாக ஒட்டுவதில்லை, வளர்ந்தபின் அவைதான் காற்றில் முறிகின்றன.

படி 5: தண்ணீர்

நன்றாக வளர்ந்த மரத்துக்குக் கோடையில் மட்டும் ஊற்றினால் போதும். புதுக்கன்றுக்கு முதல் இரண்டு கோடையைத் தாண்டும்வரை விடாமல் ஊற்ற வேண்டும். தினமும் ஒரு குவளை ஊற்றுவதைவிட வாரம் இரண்டு முறை ஒரு குடம் நிறைய, மெதுவாக ஊற்றுவது நல்லது. வேர் ஆழமாக இறங்கும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரையும் ஊற்றலாம். சோப்புத் தண்ணீர் வேண்டாம்.