ஹவுஸ்ஃபுல் நாடகத்துக்குக் கடைசி நேர டிக்கெட்: நம் பக்கத்து ஆட்கள் செய்யும் தவறுகள்

கோவைக்கு ஒரு நல்ல நாடகம் வந்தால் ஒரு சாயங்காலம் நடக்கும், மிஞ்சினால் இரண்டு. சென்னைக்காரர்களைப் போல ‘அடுத்த வாரம் வேறு சபாவில் பார்த்துக்கலாம்’ என்று விட முடியாது. அதனால் ஆப்பில் ‘விற்றுத் தீர்ந்தது’ என்று வந்ததும் நம் பிள்ளைகளுக்குப் பதற்றம் வந்துவிடுகிறது. பாப்பநாயக்கன்பாளையம் நானி கலையரங்கமோ, ஆர்.எஸ்.புரம் பாரதிய வித்யா பவனோ, எங்கே போனாலும் வாசலில் இதே கூட்டம், இதே தப்புகள். தேதியை மாற்றிப் பார்ப்பது, சார்ஜ் இல்லாத போனோடு வருவது இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானே சரியாகிவிடும்.

ஆப் காட்டுவதுதான் மொத்தக் கணக்கு என்று நம்புவது

அரங்கத்தில் இருக்கிற எல்லா நாற்காலியும் ஆப்பில் விற்பனைக்குப் போவதில்லை. முன் வரிசைகள் ஸ்பான்சருக்கு. ஒரு பகுதி சபா உறுப்பினர்களுக்கு. நாடகக் குழுவின் சொந்தபந்தத்துக்குக் கொஞ்சம். இதெல்லாம் போக, ஒலி மேஜையும் கேமரா ஸ்டாண்டும் எங்கே வரும் என்று முடிவாகாததால் நடுவிலோ பின்னாலோ நிறுத்தி வைத்த நாற்காலிகள் சில. மேஜையைப் போட்டு, ஸ்டாண்டை நிறுத்தி, ஆளை உட்கார வைத்துப் பார்த்தால்தான் எங்கிருந்து மேடை மறைகிறது என்பது தெரியும். ஷோ அன்று மத்தியானத்துக்கு மேல்தான் இந்த வேலையே நடக்கும். மறைக்காத நாற்காலிகள் அதற்குப் பிறகு வெளியே வரும், பெரும்பாலும் ஆப்பில் ஏறாமலேயே.

ஸ்பான்சர் வரிசையின் கதை வேறு. பத்து பாஸ் வாங்கிக்கொண்ட இடத்திலிருந்து நாலு பேர் வருவார்கள். இரண்டாவது மணி அடித்த பிறகும் மிச்ச நாற்காலிகளில் ‘ஒதுக்கப்பட்டது’ என்ற தாள் மட்டும் செல்லோடேப்பில் ஒட்டிக்கொண்டு நாடகம் பார்க்கத் தயாராக இருக்கும். உறுப்பினர்களும் அப்படித்தான். வருடச் சந்தா கட்டியவருக்கு அன்றைக்குப் பார்த்து முகூர்த்த வரவேற்பு இருந்தால், அவர் போவது மண்டபத்துக்குத்தான்.

தப்பான ஆளிடம் கெஞ்சுவது

வாசலில் போனை வைத்து ஸ்கேன் செய்கிற பிள்ளை பெரும்பாலும் காலேஜிலிருந்து வந்த தன்னார்வலர். அவரால் ஒரு சீட்டும் தர முடியாது. அவரைச் சூழ்ந்து நின்று ‘ப்ளீஸ் தம்பி’ என்று கெஞ்சி என்ன பிரயோஜனம்?

உள்ளே நுழைகிற இடத்தில் ஓரமாக ஒரு மேஜை போட்டிருப்பார்கள். மேலே வெள்ளைத் துணி. ரப்பர் பேண்ட் போட்ட பாஸ் கட்டு, அடிக்கட்டையோடு ஒரு டிக்கெட் புத்தகம், பேனாவால் டிக் அடித்து அடித்துக் கசங்கிப்போன பெயர்ப் பட்டியல், இவ்வளவும் இருந்தால் அதுதான் நீங்கள் போக வேண்டிய இடம். அங்கே உட்கார்ந்திருப்பவரைவிட, அவர் பின்னால் நின்று யார் வந்தார் யார் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருப்பவர்தான் முக்கியம். பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்.

“ஏனுங்ணா, யாராச்சு வராமப் போனா ஒரு சீட்டு கெடைக்குங்களா? காசு குடுத்து வாங்கிக்கறனுங்.”

“எத்தனை பேரு?”

“நான் மட்டுந்தானுங்ணா.”

“செரி, அப்படி ஓரமா நில்லு தம்பி. மணி அடிக்கட்டும்.”

‘ஓரமா நில்லு’ என்று சொல்லிவிட்டால் பாதி கிடைத்த மாதிரி. அந்த ஓரம் அவர் கண்ணில் படுகிற ஓரமாக இருக்க வேண்டும். ‘எப்படியும் நேரமாகும்’ என்று டீ குடிக்கப் போகிற ஆள்தான் திரும்பி வந்து, ‘எனக்கு முன்னாடியே சொன்னீங்களே’ என்று சண்டை போடுகிறார்.

கூட்டமாகப் போய்க் கேட்பது

ஒன்று கிடைக்கும். இரண்டு கிடைக்கலாம். நாலு சீட்டு சேர்ந்து கிடைக்காது, பிரிந்து உட்காருங்கள்.

ஸ்க்ரீன்ஷாட்டுக்குக் காசு அனுப்புவது

எனக்கு இன்னமும் எரிச்சல் அடங்காத விஷயம் இது.

என் அக்கா மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணியை விரலில் உருட்டிப் பார்த்தே அதன் ஜிஎஸ்எம், அதாவது கனம், எவ்வளவு என்று சொல்கிறவன். கலர் ஒரு பிடி மாறினாலும் லாட்டைத் திருப்பி அனுப்புகிற ஆள். அவன் வாட்ஸப் குழு ஒன்றில், ‘தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை, இரண்டு டிக்கெட் பாதி விலைக்கு’ என்று முகம் தெரியாத யாரோ போட்டதைப் பார்த்துவிட்டு, விசாரிக்காமல் ஜிபே செய்தான். க்யூஆரோடு ஒரு படம் வந்தது. வீட்டுக்காரியைக் கூட்டிக்கொண்டு அவினாசி வழியாகப் பஸ் பிடித்து வந்து வாசலில் நீட்டினால், மெஷின் சிவப்பு காட்டுகிறது. அந்த சீட்டுக்கு ஏற்கெனவே ஆள் உள்ளே போயாச்சு. கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஜோடி அதே வரிசை, அதே எண்ணோடு வந்து நிற்கிறது. விற்றவன் போன் அணைந்து கிடக்கிறது.

இதில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். க்யூஆர் என்பது ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண் பட்டியலில் இருக்கிறதா, முன்பே வந்துவிட்டதா என்று மட்டும் மெஷின் பார்க்கும். முதலில் யார் நீட்டினாலும் உள்ளே விட்டுவிடும், இரண்டாவதாக வருகிறவர் காசு கொடுத்தவரா இல்லையா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆகவே, ‘டிக்கெட் ஒரிஜினலா’ என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. ஒரிஜினலாகவே இருக்கலாம், அதைப் பத்துப் பேருக்கு விற்றிருக்கலாம். புக்கிங் மெயிலை அனுப்பச் சொல்வது, ஆதார் கார்டு படம் கேட்பது எல்லாம் வெறும் மனசு சமாதானம். அதையும் அவன் யாரிடமாவது வாங்கித்தான் உங்களுக்கு அனுப்புவான்.

முகம் தெரியாத ஆளிடம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முறை ஒன்றுதான். அவர் வாசலுக்கு வரட்டும். ஸ்கேன் ஆகி, பச்சை விழுந்து, நீங்கள் உள்ளே கால் வைத்த பிறகு காசு. நியாயமான ஆள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். ‘நான் ஊரில் இல்லை, முதலில் அனுப்புங்க, இன்னும் மூணு பேர் கேட்கறாங்க’ என்றால் அந்த மூன்று பேருக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள். ஆப்பிலேயே டிக்கெட்டை உங்கள் பெயருக்கு மாற்றித் தருகிற வசதி இருந்தால் அதுவும் சரி. பழைய க்யூஆர் செத்து, புதியது உங்கள் கணக்கில் வந்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏமாந்தது தெரிந்தவுடன் இன்னொரு வலை விரிப்பார்கள். ‘பணத்தைத் திருப்பித் தர்றேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க’ என்று செய்தி வரும். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் ஒருபோதும் தேவைப்படாது. பின் கேட்டால் போவது உங்கள் காசு. நடந்ததை உடனே 1930 என்ற எண்ணில் சொல்லி, மத்திய அரசின் சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிந்துவிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தக் கணக்கில் பணத்தை முடக்கி நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

எரிச்சல் எங்கே வருகிறது என்றால், அக்கா மகன் அந்தத் தன்னார்வலப் பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கூப்பிடு தூரத்து மேஜையில் வராதவர்களின் சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் கையைக் காட்டிக் காட்டி அலுத்துப்போனேன். அவன் திரும்பவே இல்லை. ‘காசு குடுத்திருக்கேன், உள்ள விடு’ என்பதிலேயே நின்றான். கதவைச் சாத்திவிட்டார்கள். வீட்டுக்காரி அவனோடு திருப்பூர் போய்ச் சேரும் வரை பேசவில்லையாம்.

‘பாதி விலை’ என்ற நினைப்போடு வருவது

இங்கே கடைசி நேரம் என்பதற்காக யாரும் விலையைப் பாதியாக்குவதில்லை. மிச்சமாவது வேறு இடத்தில். நாடக நுழைவுக்கு ஆளுக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. டிக்கெட் விலை 499-லும் 500-லும் வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆப்பில் வாங்கினால் டிக்கெட்டுக்கு வரி இல்லாவிட்டாலும் சேவைக் கட்டணம் ஏறும், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டியும் ஏறும். மேஜையில் அச்சிட்ட விலை மட்டும்தான்.

மலிவு டிக்கெட்டிலும் இடம் பார்த்து வாங்குங்கள். முன்னால் ஓரத்தில் உட்கார்ந்தால் மேடையின் ஒரு பக்கம் போய்விடும், எதிர்ப்பக்கத் திரைமறைவில் வசனத்துக்குக் காத்திருக்கிற நடிகர் மட்டும் நன்றாகத் தெரிவார். பின்னால் நடுவில் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

நியூயார்க் வழக்கத்தை இங்கே தேடுவது

கோபியிலும் பொள்ளாச்சியிலும் மகன் வீட்டுக்கு அமெரிக்கா போய் வந்தவர்கள் இப்போது ஏராளம். ‘அங்கெல்லாம் அன்னிக்கே பாதி விலைக்குக் குடுக்கறாங்களே’ என்பார்கள். உண்மைதான். டைம்ஸ் ஸ்கொயரில் 1973 முதல் டிகேடிஎஸ் என்ற சாவடி இருக்கிறது, லண்டன் லெஸ்டர் ஸ்கொயரில் 1980-லிருந்து. ஆனால் அங்கே வருவது விற்காமல் மிஞ்சிய டிக்கெட். நிரம்பிவிட்ட நாடகத்துக்கு அந்த வரிசையில் கால் கடுக்க நின்று லாபமில்லை. அதற்குக் குலுக்கல் உண்டு, காலையில் கவுண்டர் திறக்கும்போது விற்கிற மலிவு டிக்கெட் உண்டு. நின்று பார்க்கிற டிக்கெட்டை பிராட்வேயின் பல அரங்குகளில் ஹவுஸ்ஃபுல் ஆன பிறகுதான் விற்கவே செய்வார்கள். லண்டன் அரங்குகளில், திருப்பிக் கொடுத்த டிக்கெட்டுக்கென்றே தனி வரிசை நிற்கும். அங்கே போகிறவர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

உள்ளே போனதும் முன் வரிசைக்கு நகர்வது

வேண்டாம். ஸ்பான்சர் இடைவேளையில் வருவார், குடும்பத்தோடு.

திரும்பிப் போகிற பஸ்ஸைக் கணக்கில் வைக்காதது

பொள்ளாச்சி, உடுமலைக்கு உக்கடம். திருப்பூர், ஈரோட்டுக்குக் காந்திபுரம். திருச்சி, மதுரை பக்கம் என்றால் சிங்காநல்லூர். அரங்கம் எந்தப் பக்கம், பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று புறப்படும் முன்பே பாருங்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை ராத்திரி ஆட்டோக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள்தான் இங்கே அதிகம்.