பல் மருத்துவம் எடுக்கலாமா? கலந்தாய்வுக்கு முன் உங்கள் காரணத்தைச் சோதித்துப் பாருங்கள்

பி.டி.எஸ். என்னும் பல் மருத்துவப் பட்டப்படிப்பை எடுக்கப் போகிற மாணவர்களிடம் ஏன் என்று கேட்டால் வரும் பதில்கள் ஐந்தாறுக்குள் அடங்கிவிடும். எம்.பி.பி.எஸ். கைக்கு எட்டவில்லை. நைட் டியூட்டி இல்லாத டாக்டர் வேலை. சொந்தமாகக் கிளினிக் வைக்கலாம். கைவேலை பிடிக்கும். அப்பாவோ அத்தையோ பல் டாக்டர். வெளிநாடு போகலாம். எல்லாவற்றிலும் உண்மை இருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஓர் எல்லையும் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் மனம் விட்டுப்போகிறவர்களில் பலர் படிப்பில் சுமாரானவர்கள் அல்லர். வேலை எப்படிப்பட்டது என்று பார்க்காமலே சேர்ந்தவர்கள். அந்தப் பார்வையைப் பிளஸ் டூ விடுமுறைக்குள் எப்படிப் பெறுவது என்பதைத்தான் இங்கே சொல்கிறோம்.

முதலில் அடிப்படை விவரம். படிப்பு 4 ஆண்டு, அதன்பின் கட்டாயப் பயிற்சி 1 ஆண்டு. நுழைவு நீட் மூலம் மட்டும்தான். தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம், ஒரே தரவரிசை. நிர்வாக ஒதுக்கீட்டுக்குத் தனி விண்ணப்பம். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் 15 சதவீத இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. தகுதி இருந்தும் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழை நேரத்தில் வாங்காமல் இதை இழப்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கும். ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் தேர்வு எழுதிய கையோடு அந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

"எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை"

அதிகம் பேர் வரும் வழி இதுதான். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இப்படிச் சேர்ந்து அருமையான பல் மருத்துவர்களானவர்கள் நிறைய. சிக்கல் வருவது ஒரு காலை இங்கேயும் மறு காலை நீட் கோச்சிங்கிலும் வைப்பவர்களுக்கு. முதலாம் ஆண்டிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், பல் உடற்கூறியல் என்று பாடங்கள் நெருக்கும். பிற்பகலில் உடற்கூறியலுக்காகச் சடலத்தை அறுத்துப் பார்க்கும் வகுப்போ மெழுகில் பல் செதுக்கும் வகுப்போ இருக்கும். எழுத்துத் தேர்வில் 50 சதவீதம், செய்முறையில் தனியாக 50 சதவீதம் வாங்கினால்தான் தேர்ச்சி. இதோடு நீட்டுக்கும் படித்தால் பெரும்பாலும் இரண்டுமே கெடும்.

பி.டி.எஸ். முடித்துவிட்டு எம்.பி.பி.எஸ்.ஸில் பாதியில் சேர வழி கிடையாது. திரும்ப நீட் எழுதி முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். இடத்தை ஏற்றுக்கொண்டு, கெடு முடிந்தபின் விலகினால் கட்ட வேண்டிய தொகை அந்த ஆண்டின் தகவல் கையேட்டில் இருக்கும். சேருமுன் அந்தப் பக்கத்தைப் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். இன்னொரு முறை நீட் எழுதும் எண்ணம் உறுதியாக இருந்தால் அந்த ஓராண்டை நேர்மையாக அதற்கே கொடுப்பது நல்லது.

கைவேலை பிடிக்குமா என்று வீட்டிலேயே பார்ப்பது

ஓவியம் வரையப் பிடிக்கும், கை சுத்தம் என்றெல்லாம் சொல்வார்கள். அதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. புதுக் குளியல் சோப்பு ஒன்று, சின்ன பேனாக்கத்தி, ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள். உலர்ந்துபோன பழைய சோப்பு விண்டுவிடும், வேண்டாம். கொஞ்சம் பெரிய கட்டியாகப் பார்த்து வாங்குங்கள். செதுக்க வேண்டியது மேல் தாடையின் நடு வெட்டுப்பல். சராசரி அளவில் அதன் தலைப்பகுதி (ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி) உயரம் 10.5 மி.மீ., வேர் 13 மி.மீ., அகலம் 8.5 மி.மீ., கழுத்தில் அகலம் 7 மி.மீ., முன்பின் கனம் 7 மி.மீ. எல்லாவற்றையும் மூன்று மடங்காக்குங்கள்: தலைப்பகுதி 31.5, வேர் 39, அகலம் 25.5, கழுத்து 21, கனம் 21.

முதலில் 70.5 நீளம், 25.5 அகலம், 21 கனம் உள்ள செவ்வகக் கட்டையாகச் சோப்பை வெட்டுங்கள். முன்பக்கத்தில் பல்லின் வெளிக்கோட்டை வரைந்து, முன்னிருந்து பின்னாக நேராகச் சீவி எடுங்கள். பிறகு பக்கவாட்டில் வெளிக்கோட்டை வரைந்து அதையும் நேராகச் சீவுங்கள். இவ்வளவு முடிந்த பிறகுதான் விளிம்புகளை உருட்ட வேண்டும். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பல் வளைவானது என்று மனதில் இருப்பதால் முதல் வெட்டிலேயே ஓரங்களை உருட்டிவிடுவார்கள். அத்தோடு அளவு போய்விடும். சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

இன்னொரு தவறு, வெட்டு விளிம்பின் இரண்டு மூலைகளையும் ஒரே மாதிரி செய்வது. நடுக்கோட்டை ஒட்டிய மூலை ஏறக்குறைய செங்கோணம், அடுத்த பக்கத்து மூலை உருண்டையானது. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் கையில் இருப்பது வலப்பல்லா இடப்பல்லா என்று சொல்கிறோம். செதுக்கியதை ஸ்கேலால் அளந்து பாருங்கள். பள்ளி இயற்பியல் ஆய்வகத்து வெர்னியர் காலிப்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் பல் அழகாக வராது, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அளவு எங்கே தவறியது என்று கண்டுபிடித்து, இரண்டாவது சோப்பை எடுக்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். தோன்றினால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்ததே தண்டனையாக இருந்தால், அந்தத் தகவலுக்கு நீட் மதிப்பெண்ணைவிட மதிப்பு அதிகம்.

கண்ணாடிச் சோதனையும் உண்டு. மேல் பற்களின் உட்புறத்தை நேராகப் பார்க்க முடியாது. வாய்க்குள் வைக்கும் சின்னக் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துத்தான் வேலை. ஒரு தாளில் நட்சத்திரம் வரைந்து, தாளும் கையும் கண்ணுக்குத் தெரியாதபடி புத்தகத்தால் மறைத்து, எதிரே வைத்த கண்ணாடியை மட்டும் பார்த்து அந்தக் கோட்டின்மேல் பென்சிலை ஓட்டுங்கள். முதல் நாள் கை எதிர்த்திசையில் போகும். தினமும் பத்து நிமிடம் என்று ஒரு வாரம் செய்தால் பெரும்பாலானோருக்குப் படிந்துவிடும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் தயங்க வேண்டாம். கை நடுக்கம் இருந்தால் மட்டும் சேருமுன் மருத்துவரிடம் காட்டிக் காரணம் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் ஆண்டின் செய்முறை வகுப்புகளில் பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைதான். பல்லின் அச்சு வார்க்கப் பிளாஸ்டர் கலப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் தூளுக்கு 45 முதல் 50 மி.லி. தண்ணீர். கிண்ணத்தில் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் தூளைத் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் உள்ளே காற்று சிக்கி, அச்சில் குமிழ் விழும். தண்ணீர் கூடினால் அச்சு வலுவிழந்து உடையும். இந்தச் சின்ன விஷயங்களில் பொறுமை இல்லாதவருக்கு அந்த ஆண்டு நீளமாக இருக்கும்.

தெரிந்த கிளினிக்கில் மூன்று மாலை

குடும்பத்துக்குத் தெரிந்த பல் மருத்துவரிடம் கேட்டால் பெரும்பாலும் ஓரமாக உட்கார அனுமதிப்பார். நோயாளியிடமும் சம்மதம் கேட்கச் சொல்லுங்கள், போட்டோ எடுக்காதீர்கள்.

பல் எடுப்பதை அருகிலிருந்து பாருங்கள். பலம் வேண்டும், அதனால் பெண்களுக்குக் கஷ்டம் என்று சொல்வார்கள், அது தவறு. யாரும் பல்லை இழுப்பதில்லை. மரத்துப்போக ஊசி போட்டபின், எலிவேட்டர் என்ற நெம்புகருவியால் வேரைச் சுற்றிய எலும்புக் குழியை மெல்ல விரிக்கிறார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லைக் கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமும் அசைப்பார்கள். மேல் நடு வெட்டுப்பல்லின் வேர் கூம்பாக இருப்பதால் அதைச் சுழற்றலாம். அவசரப்பட்டு இழுத்தால் வேர் உள்ளேயே ஒடியும். அரை மணியில் முடிய வேண்டியது பிறகு ஒன்றரை மணி ஆகும்.

ரூட் கெனால் (பல் வேரின் உள்ளே சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை) நடக்கும்போது மருத்துவர் ஏன் அடிக்கடி எக்ஸ்ரே பார்க்கிறார் என்று கேளுங்கள். வேருக்குள் விட்டுச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற ஃபைல் வேர்நுனிக்கு 0.5 முதல் 1 மி.மீ. முன்னால் நிற்க வேண்டும். தாண்டினால் வலி, குறைந்தால் உள்ளே கிருமி தங்கிவிடும். அத்தனை நேரமும் அவர் உட்காரும் விதத்தையும் கவனியுங்கள். முதுகு நேராக, முழங்கை உடலோடு ஒட்டி இருக்கிறதா, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்திருக்கிறாரா? கழுத்துவலியும் முதுகுவலியும் இந்தத் தொழிலின் உண்மையான செலவு. இதைக் கையேட்டில் யாரும் எழுதுவதில்லை.

நோயாளிகளுக்கு இடையே நடப்பதையும் பார்க்க வேண்டும். கருவிகளைக் கழுவிப் பொதிந்து ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கருவியில் 121 டிகிரி செல்சியஸ், சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தத்தில் குறைந்தது 15 நிமிடம் வைப்பது. அழும் குழந்தையைச் சமாளிப்பது. "ஊசி வேண்டாம், மாத்திரை மட்டும் கொடுங்க" என்பவரிடம் பொறுமையாகப் பேசிப் புரியவைப்பது. உமிழ்நீர், ரத்தம், வாய்நாற்றம் இவற்றோடு மூன்று மாலை இருந்தும் அடுத்த கேஸ் என்ன என்று எட்டிப் பார்க்கத் தோன்றினால் நல்ல அறிகுறி.

நேரம், வருமானம்

நைட் டியூட்டி இல்லை என்பது பெருமளவு உண்மை. விபத்தில் தாடை உடைந்து வருபவர்களைப் பார்க்கும் முக அறுவைப் பிரிவு விதிவிலக்கு. ஆனால் தனியார் கிளினிக்கில் கூட்டம் வருவது மாலை 5 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும்தான், ஏனென்றால் நோயாளிகளும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் எல்லோரும் ஓய்வாக இருக்கும் நேரமே உங்கள் வேலை நேரம். "பெண் பிள்ளைக்குத் தோதான படிப்பு" என்று சொல்லிச் சேர்க்கும் பெற்றோர் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். நேரத்தை விருப்பம்போல் வைத்துக்கொள்ளும் வசதி சொந்தக் கிளினிக் வந்தபிறகுதான்.

அந்தக் கிளினிக்கும் பட்டம் வாங்கிய மறுநாள் திறப்பதல்ல. இரண்டு ஆண்டாவது பிறரிடம் வேலை பார்ப்பது நல்லது. சேரும்போது மாதச் சம்பளமா, சதவீதமா, சதவீதம் என்றால் லேப் பில்லை (கேப், பல்செட் செய்து தரும் ஆய்வகத்தின் கட்டணம்) கழித்த பிறகா முன்பா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேப், பல்செட் கேஸ்களில் லேப் பில் யார் தலையில் என்பதைப் பொறுத்துக் கைக்கு வரும் தொகை வெகுவாக மாறும். சொந்தமாகத் தொடங்க நோயாளி சாயும் சேர், கம்ப்ரசர், ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே, அடைத்த பொருளை ஒளியால் இறுக்கும் லைட் கியூர், பல்காறை எடுக்கும் ஸ்கேலர் வேண்டும். மாநிலப் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு, மருத்துவ நிறுவனச் சட்டப் பதிவு, எக்ஸ்ரேவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய அனுமதி, மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி ஆகியவையும் தேவை.

அரசு வேலை விரும்புவோருக்குத் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் உண்டு. பல் மருத்துவர் இடங்கள் மருத்துவ அதிகாரி இடங்களைவிட மிகக் குறைவு. ராணுவத்தில் பல் மருத்துவப் பிரிவும் இருக்கிறது. பல் மருத்துவ மேற்படிப்பான எம்.டி.எஸ். 3 ஆண்டு, அதற்கும் தனி நீட். வெளிநாடு என்றால் பி.டி.எஸ். பட்டத்தோடு நேரே போய்ப் பணி செய்ய முடியாது. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் அந்தந்த நாட்டுத் தகுதித் தேர்வு, அமெரிக்காவில் பெரும்பாலும் அங்குள்ள கல்லூரியில் மேலும் 2, 3 ஆண்டு படிப்பு.

சேவை மனதோடு வருகிறவர்களுக்கு நம் ஊரில் வேலை நிறையவே காத்திருக்கிறது. பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கத்தால் கன்னம் இறுகி, மூன்று விரலை நெடுக்காக வாய்க்குள் விட முடியாத நிலையில் வருபவர்கள் உண்டு. நாக்கின் ஓரத்தில் ஆறாத புண்ணை, கன்னத்தில் வெள்ளைத் திட்டை முதலில் பார்ப்பது பலமுறை பல் மருத்துவரே. ஸ்கேலிங்குக்கு வந்தவரின் வாய்ப்புற்றை ஆரம்பத்திலேயே கண்டு அனுப்புவது ஓர் உயிரைக் காப்பது. இந்த ஒரு காரணம் இருந்தாலே இந்தப் படிப்பை எடுக்கலாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

கல்லூரியை நேரில் பார்ப்பது

பல் மருத்துவக் கல்லூரியின் தரத்தை முதலில் சொல்வது அங்கே வரும் நோயாளிகள் எண்ணிக்கை. 1953இல் தொடங்கிய சென்னை அரசுப் பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் சில கல்லூரிகளில் கட்டடம் பளபளக்கும், சேர்கள் காலியாகக் கிடக்கும். இறுதியாண்டில் இத்தனை பல் எடுத்தல், இத்தனை பல்செட் என்று கோட்டா முடிக்க வேண்டும். நோயாளி வராவிட்டால் மாணவர்களே தெரிந்தவர்களைத் தேடி அழைத்து வருவார்கள்.

திங்கட்கிழமை காலை 10 மணிக்குப் போங்கள். புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் இடத்தில் வரிசை எப்படி இருக்கிறது, சேர்களில் எத்தனையில் ஆள் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பயிற்சி மருத்துவர்களிடம் மூன்று கேள்விகள்: இதுவரை தனியாக எத்தனை பல் எடுத்தீர்கள், ரூட் கெனால் உங்கள் கையால் செய்ய விடுகிறார்களா, பயிற்சி உதவித்தொகை மாதாமாதம் கைக்கு வருகிறதா? பிறகு செலவு. கட்டணத்துக்கு வெளியே பல்லைக் குடையும் ஏரோட்டர், தாடை அசைவைப் போலச் செய்யும் ஆர்டிகுலேட்டர், செதுக்கும் கருவிகள், மெழுகு, பிளாஸ்டர் எல்லாம் பெரும்பாலும் மாணவர் கைக்காசு. எந்த ஆண்டில் எவ்வளவு ஆகும் என்று சீனியர் ஒருவரிடம் பட்டியல் வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வுக் கட்டணம், விடுதி, பேருந்து இவற்றையும் கூட்டி ஐந்தாண்டுக் கணக்காகப் போடுங்கள்.

கலந்தாய்வில் கல்லூரி வரிசையை நிரப்பும்போது இந்தக் கணக்கையும் நோயாளி எண்ணிக்கையையும் பக்கத்தில் வையுங்கள். வீட்டுக்குப் பக்கம் என்பது மூன்றாவதாக வரட்டும். போக மாட்டோம் என்று தெரிந்த கல்லூரியை எண்ணிக்கைக்காக நிரப்ப வேண்டாம். அதுவே ஒதுக்கப்பட்டு, சேராமல் விட்டால், அடுத்த சுற்றில் கலந்துகொள்ள முடியுமா, கட்டிய வைப்புத்தொகை திரும்புமா என்பது சுற்றுக்குச் சுற்று மாறும். வரிசையைப் பூட்டும் (இறுதியாக உறுதிசெய்யும்) முன் அந்தச் சுற்றுக்கான விதியை ஒருமுறை படித்துவிட்டுப் பூட்டுங்கள்.