அப்பா என்ன வருத்தத்தில் போனவர் என்று கேட்டு வாருங்கள்

தாயகம் போகும்போது நம்மில் பலருக்கு ஒரு பழக்கம்: கிடைக்கும் இரண்டு நாளில் 'முழு உடம்புச் செக்கப்' ஒன்றைச் செய்துவிட்டு வருவது. ஐம்பது கடந்த ஆண்களுக்கு அதில் பெரும்பாலும் பி.எஸ்.ஏ.யும் இருக்கும். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் புற்றுநோயைத் தேடும் இந்தக் குருதிப் பரிசோதனையை மட்டும் புறப்படுமுன் உங்கள் குடும்ப வைத்தியரிடமே செய்யுங்கள். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எண் சற்று மாறும். ஒரு தடவை வரும் எண்ணைவிட, ஆண்டுக்கு ஆண்டு அது ஏறும் விதம்தான் வைத்தியருக்கு அதிகம் சொல்லும். சிறுநீர்த்தொற்று இருந்தால் கூடும். முந்தின இரண்டு நாளுக்குள் விந்து வெளியேறியிருந்தாலும், நெடுநேரம் சைக்கிள் ஓடியிருந்தாலும் கூடலாம். புராஸ்டேட் வீக்கத்துக்கு ஃபினாஸ்டரைடு என்ற மருந்து எடுப்பவர்களுக்கோ ஏறத்தாழ பாதியாகக் குறைந்து காட்டும். நான் ஒருமுறை அங்கே எடுத்துப் பார்த்து, விடுமுறையின் கடைசி வாரம் முழுக்கத் தூங்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் வெறும் சலத்தொற்று.

ஊரில் செய்யவேண்டிய வேலை வேறு. வாய் திறந்து கேளுங்கள். அப்பாவுக்கோ சகோதரனுக்கோ இந்நோய் இருந்திருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு.

"அப்பா கடைசியிலை என்ன வருத்தத்திலை போனவர், அக்கா?"

"நாரிப்பிடிப்பு எண்டுதான் சொன்னவை, தம்பி. பிறகு இரண்டு காலும் வழங்கேல்லை. இரவிலை ஏழெட்டுத் தரம் சலத்துக்கு எழும்புவார்."

புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவினால் பெரும்பாலும் பிடிப்பது இடுப்பையும் முள்ளந்தண்டையும். அப்பாவுக்கு அதுதானா என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் என் வைத்தியரிடம் அதைச் சொன்னேன், தம்பியையும் பரிசோதிக்கச் சொன்னேன். அம்மா வழியில் மார்பகப் புற்று, சூலகப் புற்று இருந்தால் அதையும் சொல்லுங்கள், அவற்றுக்குக் காரணமாகக்கூடிய பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணு மாற்றம் ஆண்களுக்கும் வரும், புராஸ்டேட் புற்று வாய்ப்பையும் கூட்டும். இப்படிக் குடும்ப வரலாறு உள்ளவர்கள் 50 வரை பார்த்திராமல் 45 வயதளவிலேயே வைத்தியரோடு பேசுவது நல்லது. "எனக்குச் சலம் நல்லாத்தான் போகுது" என்பது பதிலல்ல. தொடக்கத்தில் இந்த நோய் அனேகமாக எதையும் காட்டாது.

ஏற்கெனவே நோயோடு இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். புற்றை அடக்க மூன்று மாதத்துக்கொருமுறை போடும் ஹோர்மோன் ஊசி எந்தத் திகதியில் வருகிறது என்று பார்த்துப் பயணச்சீட்டு எடுங்கள். மருந்துகளின் பெயர், கிளீசன் எண் (புற்றின் தீவிரத்தைக் காட்டுவது), கடைசி பி.எஸ்.ஏ. எல்லாம் உள்ள கடிதமொன்று வாங்குங்கள். குளிசைகள் கைப்பொதியில், அவற்றின் பெட்டியோடே இருக்கட்டும். அபிராட்டரோன் என்ற புற்றுக் குளிசையோடு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீரொயிட் எடுப்பவர்கள் அந்த ஸ்டீரொயிட்டைத் திடீரென நிறுத்தக்கூடாது. சிகிச்சைக்காகப் புராஸ்டேட்டுக்குள் கதிரியக்க விதை பதித்தவர்கள் அதற்கான அட்டையைக் கொண்டுபோங்கள். விமான நிலையக் கருவி சிலவேளை அலறும். நடைபாதையோர இருக்கை கேளுங்கள், எழுந்து நடவுங்கள். புற்றுநோய் உள்ளவர்களுக்குக் காலில் குருதி உறையும் ஆபத்து அதிகம். தடிமனுக்குக் கடையில் வாங்கும் குளிசையில் சூடோஎபெட்ரின் இருந்தால் சலம் அடைத்துக்கொள்ளலாம், அது இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

புதிதாக முதுகுவலி வந்து, கூடவே கால் மரத்தாலோ சோர்ந்தாலோ, சலம் நின்றாலோ, அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாரிப்பிடிப்பு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.