மேட் மேக்ஸ் போட்டு அரசியல் பேச வைப்பது எப்படி

சென்னிமலைப் பக்கம் நாங்கள் மாதம் ஒரு படம் போடுகிறோம். வருபவர்களில் பாதிப் பேர் தறிக்காரர்கள், மீதி பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள். உலகம் அழிந்த பிறகு நடக்கிற கதை ஏதாவது போட நினைத்தால், ஜார்ஜ் மில்லரின் ‘மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்’ (2015) போடுங்கள். வசனம் குறைவு, அதனால் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் ஓடிவிடும். அடிதடி அதிகம், சின்னப் பிள்ளைகள் வேண்டாம்.

முன்னுரை பேசாதீர்கள். பேசினால் பரீட்சை ஹால் மாதிரி ஆகிவிடும்.

முதலில் நிறுத்த வேண்டிய இடம், தண்ணீர் காட்சி. வில்லன் இம்மார்ட்டன் ஜோ பாறை உச்சியில் நின்று நீரைத் திறந்துவிடுவான். கீழே சனம் சட்டி பானையோடு அடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் மூடிவிடுவான். ‘வால்வு யார் கையில் இருக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். எங்கள் ஊரில் முதலில் மேல்நிலைத் தொட்டி பற்றிப் பேச்சு வரும், அடுத்து ஒரத்துப்பாளையம் அணை. நொய்யல் ஆற்றில் பாசனத்துக்காக 1992-ல் கட்டியது, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப் போனது. பேசட்டும், தடுக்காதீர்கள்.

ஆனால் அங்கேயே விட்டுவிடக் கூடாது. படத்தில் தண்ணீர் ஒருவனிடம், பெட்ரோல் இன்னொருவனிடம், தோட்டா மூன்றாமவனிடம். முகமூடி போட்ட வில்லனை அடித்தால் கதை முடிந்தது. நொய்யலைக் கெடுத்த ஜோ யார்? 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போனவர்கள் நம் பாயிலேயே உட்கார்ந்திருப்பார்கள். தண்ணீர் கெட்டுப்போன தோட்டக்காரரும் பக்கத்தில் இருப்பார். படம் சுலபமாக்கிவிட்ட இடம் இதுதான் என்பது என் கருத்து. அரை மணி நேரம் இதற்கே ஒதுக்குங்கள்.

இரண்டாவது, துப்பாக்கிக் காட்சி. துரத்தி வருபவனை இருட்டில் சுடும்போது நாயகன் மேக்ஸ் குறி தவறுவான். கடைசித் தோட்டாவை, ஜோவின் மனைவிகளைத் தப்பிக்க வைத்து லாரி ஓட்டி வரும் பியூரியோசாவிடம் கொடுத்துவிட்டுத் தோளைத் தாங்கலாகக் காட்டுவான். அவள் சுட்டுத் துரத்துபவனின் விளக்கை உடைப்பாள். ஆண்களிடம் கேட்டால் ‘செம ஷாட்’ என்று முடித்துவிடுவார்கள், பெண்களிடம் முதலில் கேளுங்கள். எங்களிடம் ஒரு அக்கா, “ஏனுங்க, அவ சுட்டதுல அவனுக்கு என்ன கொறஞ்சு போச்சு?” என்றார். லைன் சூப்பர்வைசர் வேலை ஏன் பெரும்பாலும் ஆணுக்கே போகிறது என்று அப்புறம் அவரே ஆரம்பித்தார்.

பியூரியோசாவுக்கு ஒரு கை பாதி இல்லை. ஏன் என்று படம் சொல்வதில்லை, யாரும் உச்சுக் கொட்டுவதுமில்லை, அது நல்லது. நடித்த சார்லீஸ் தெரோனுக்கு இரண்டு கையும் உண்டு, கம்ப்யூட்டரில் மறைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். கெட்டவன் என்று காட்ட உடல் குறையையே பயன்படுத்தியிருப்பதையும் கேளுங்கள். ஜோவின் ஐந்து மனைவிகளும் விளம்பரப் பெண்கள் போலவே இருப்பார்கள். படம் பெரும்பாலும் நமீபியாப் பாலைவனத்தில் எடுத்தது, கதையை நகர்த்தும் பாத்திரங்களில் அந்த ஊர் முகத்தைத் தேடிப் பாருங்கள்.

முடிவில் ஜோ தாய்ப்பாலுக்காக அடைத்து வைத்திருந்த தாய்மார்களே நீரைத் திறந்துவிடுவார்கள். கைதட்டல் கேட்கும். நாளைக்கு வால்வு யார் கையில் என்று படம் காட்டாது. அதைக் கேட்டுவிட்டு டீ கொடுங்கள், வாயே திறக்காதவர்கள் டம்ளர் கையில் வந்த பிறகுதான் பேசுவார்கள்.