டைல்ஸ் ஒட்டும் முன்: குளியலறைச் சுவரில் தண்ணீர் இறங்காமல் இருக்க

டைல்ஸ் வழியாகத் தண்ணீர் போகாது, சரி. ஆனால் அவற்றின் இடைவெளியில் நிரப்பும் சிமென்ட் கிரவுட் தண்ணீரை உறிஞ்சும். அந்த ஈரம் சுவருக்குள் இறங்கி, பக்கத்து அறையில் பெயின்ட் உப்பி உரியும்போதுதான் நமக்கு விஷயமே தெரியவரும். தண்ணீரைத் தடுக்க வேண்டியது டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் நீர்தடுப்புப் பூச்சு.

முதலில் குழாய் வேலை. சுவருக்குள் போகும் குழாய்களை அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகே மற்ற வேலை. உள்ளே குழாய் கசிந்தால் வெளியே எதைப் பூசியும் பயனில்லை.

அடுத்து, சுவரை முழுக்கத் தட்டிப் பாருங்கள். பொள்ளலான சத்தம் வரும் இடத்தில் சிமென்ட் பூச்சு பிடிக்கவில்லை என்று பொருள். அதைப் பெயர்த்துவிட்டு மறுபடி பூச வேண்டும். புதுச் சிமென்ட் பூச்சு என்றால் நன்றாக நீராற்றிக் காயவிடுங்கள். தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, பழைய பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது.

இனிதான் முக்கியமான இடம். சுவரின் நட்டநடுவில் கசிவது அபூர்வம். சுவரும் தரையும் சேரும் மூலை, இரண்டு சுவர்கள் சந்திக்கும் மூலை, குழாய் வெளியே வரும் துளை, தரை வடிகாலின் ஓரம், இவைதான் காலை வாரும். குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சுருங்காத கலவையால் அடைத்துவிடுங்கள். தரை மூலைகளில் பாலிமர் கலந்த கலவையைச் சாய்வாக வைத்து, கூர்மையான கோணத்தை வளைவாக்குங்கள். அப்புறம் எல்லா மூலைகளிலும் ஒரு கை நீர்தடுப்புப் பூச்சை அடித்து, அது ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் வலைப் பட்டையைப் பதித்து, மேலே இன்னொரு கை. சலிப்பான வேலைதான். அவசரக் கொத்தனார் முதலில் விடுவதும் இதைத்தான், பக்கத்திலேயே நில்லுங்கள்.

குளியலறைக்குப் பரவலாகப் பயன்படுவது திரவமும் பொடியுமாக வரும் பாலிமர் சிமென்ட் பூச்சு. திரவத்தில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கட்டியில்லாமல் கலக்குங்கள். பிரஷ் ஓடவில்லை என்று தண்ணீர் ஊற்றி இளக்காதீர்கள். சுவரை லேசாக நனைத்து, மேலே ஈரம் மினுங்காத நிலையில் முதல் கையை மேலிருந்து கீழாக அடியுங்கள். பையில் குறிப்பிட்ட நேரம் காய்ந்ததும் இரண்டாவது கை, இடமிருந்து வலமாக. ஷவர் பக்கம் குறைந்தது 6 அடி உயரம், மற்றச் சுவர்களில் 1 அடி. தரை முழுக்கவும் இதே பூச்சு விடாமல் தொடர வேண்டும்.

பூச்சு முழுதாகக் காய்ந்த பின் டார்ச் அடித்து ஊசித்துளைகளைத் தேடுங்கள். பிறகு வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் தேக்கி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் சட்டென்று இறங்கினாலோ, கீழேயோ வெளிச்சுவரிலோ ஈரம் தெரிந்தாலோ அங்கே சரிசெய்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

டைல்ஸை இந்தப் பூச்சுக்கு ஒத்துவரும் பசையால் ஒட்டுங்கள். கரணையின் முனை பூச்சைக் கீறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூலை இணைப்புகளில் கிரவுட்டுக்குப் பதில் ரப்பர் போல நெகிழும் சிலிகோன் பசை. பின்னாளில் சோப்புத் தட்டு மாட்டத் துளையிட்டால், அந்தத் துளையிலும் சிலிகோனை நிரப்பிவிட்டுத்தான் திருகாணி.